கரண்ட் அடித்தது எனக்கு

ஜூன் 9, செவ்வாய்

காலையிலிருந்தே புழுதிக் காற்று. சாணார்பட்டி ரோட்டில் வண்டி ஓட்டக் கண் திறக்க முடியவில்லை. இரண்டு வேலை. ஒரு வீட்டில் ஃபேன் மாட்டியாயிற்று. அடுத்து பாண்டியண்ணன் தோட்டத்து மோட்டார்.

இதை எழுதுவது ஆஸ்பத்திரி வராந்தாவில். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை.

மதியம், மோட்டார் ரூம். ஸ்டார்ட்டர் பெட்டியில் கை பட்டது வரைக்கும் ஞாபகம். வயரை எலி கடித்து, எர்த்தும் அறுந்து, பெட்டி முழுக்கக் கரண்ட் ஏறியிருந்தது பிறகுதான் தெரிந்தது. அப்புறம் வானம். நான் வாசலுக்கு வெளியே மல்லாந்து கிடக்கிறேன். பக்கத்தில் என் பெண்டாட்டி தனம்.

அதே தோட்டத்தில் கத்தரிக்காய் பறிக்க வந்திருந்தாள். தண்ணீர் குடிக்க வந்தவள் என்னைப் பார்த்திருக்கிறாள். கத்தவில்லை. வாய் திறந்தபடி நின்றாள். சத்தமே வரவில்லை.

எழுந்தேன். உள்ளங்கையில் கொஞ்சம் கருகல், அவ்வளவுதான். டீ குடித்தேன். சிரித்துக்கூடப் பேசினேன். பாண்டியண்ணன், "வயர்மேனுக்கே கரண்டு காட்டுதாப்பா நம்ம மோட்டாரு" என்றார். தனம் சிரிக்கவில்லை.

வீட்டில் குக்கரை அடுப்பில் ஏற்றும்போது நெஞ்சில் கை வைத்தாள். சேலை முழுக்க வியர்வை.

"என்ன தனம்?"

"ஒண்ணுமில்லங்க. வாய்வா இருக்கும். செத்த நேரம் படுத்தாச் சரியாயிரும்."

சரியாகவில்லை. உதடு வெளுத்துவிட்டது. ஆட்டோ பிடித்து திண்டுக்கல். ஈ.சி.ஜி. பார்த்ததும் நர்ஸ் ஓடினார். ஹார்ட் அட்டாக் என்றார்கள்.

உள்ளே விடவில்லை.

ஜூன் 10, புதன்

தொப்பம்பட்டியிலிருந்து மகள் ரேவதி முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். பிள்ளையை மாமியாரிடம் விட்டிருக்கிறாள். என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஏம்ப்பா இம்புட்டு ஜில்லுனு இருக்கு" என்றாள்.

ஆஞ்சியோ முடிந்தது. ஒரு டாக்டரம்மா கூப்பிட்டார். சின்ன வயது, ரேவதி வயதுதான் இருக்கும்.

"ரத்தக்குழாய்ல அடைப்பு எதுவும் இல்லங்கய்யா."

"அப்ப ஏம்மா இப்படி?"

"நேத்து எதையாச்சும் பாத்துப் பயந்தாங்களா?"

சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கரண்ட் அடிச்சது உங்களுக்கா?"

படம் காட்டினார். இதயத்தின் மேல் பாதி அடிக்கிறது. கீழ் நுனி அசையவே இல்லை. கழுத்து சிறுத்த பானை மாதிரி உப்பி நிற்கிறது. பயம் வந்தால் உடம்பு ஒரு சுரப்பை ரத்தத்தில் இறக்குமாம். ஓட, எதிர்த்து நிற்க. படபடப்பு, வியர்வை, வாய் வறள்வது எல்லாம் அதனால்தான். அளவாக வந்தால் உயிர் காக்கும். வெள்ளமாக வந்தால் இதயத் தசையே மரத்துப்போகும். ஐம்பது தாண்டிய பெண்களுக்கு இது அதிகமாம்.

"அந்த இடம் செத்துருச்சாம்மா?"

"இல்ல. உயிரோடதான் இருக்கு. அம்புட்டு வேகத்தையும் தாங்க முடியாம, தன்னைக் காப்பாத்திக்க வேலையக் கொறச்சுக்கிச்சுனு வச்சுக்கோங்க. பெரும்பாலும் சில வாரத்துல பழையபடி அடிக்க ஆரம்பிச்சுரும்."

எனக்குப் புரிந்தது. லோடு ஏறினால் ஸ்டார்ட்டரில் ரிலே விழுந்து மோட்டார் நின்றுவிடும். மோட்டாருக்குள் இருக்கும் காயில் கம்பி கருகாமல் தப்பிக்கும். ஆனால் ரிலேயைத் திரும்ப ஏற்ற நான் பட்டனை அமுக்குவேன். இதற்கு?

"பெரும்பாலும்" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மீதிப் பேர்?

எனக்கும் ஈ.சி.ஜி. எடுத்தார்கள். ஒன்றுமில்லை. கரண்ட் வாங்கியவன் நன்றாக இருக்கிறேன்.

ஜூன் 11, வியாழன்

இன்று மோசம். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டதாம். இதயம் சரியாகத் தள்ளாததால். தனம் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்குகிறாள். பேச முடியவில்லை. கண் மட்டும் என் மேல். நான் சிரித்துக் காட்டினேன். அது சிரிப்பு மாதிரி இருந்திருக்காது.

மெஷின் கத்தியது. என்னை வெளியே தள்ளிவிட்டார்கள். கண்ணாடி வழியே ஐந்தாறு பச்சைத் துணி முதுகுகள். அவள் கால் மட்டும் தெரிந்தது. காலில் தோட்டத்து மண் இன்னும் போகவில்லை.

நின்ற இடத்தில் எனக்கு மூத்திரம் முட்டியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எனக்குள்ளும் அதே சுரப்பு ஓடுகிறது. இவளுக்குள் பாய்ந்த வெள்ளத்தில் கொஞ்சம்தான்.

மருமகன் போன். "ஏனுங்க மாமா, அத்தைக்கு எப்படிங்க இருக்குது?" போனை நீட்டினேன். ரேவதி வாங்கிப் பேசினாள்.

சாயங்காலம் மூச்சு கொஞ்சம் அடங்கியது. நீர் இறங்க ஊசி.

ரேவதி இட்லி வாங்கி வந்தாள். பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

ஜூன் 15, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டோம். மாத்திரை மூன்று வேளை. உப்பு குறைக்க வேண்டும். அடுத்த வாரம் எக்கோ.

டாக்டரம்மா கடைசியாகச் சொன்னது: "கொஞ்ச நாளைக்கு அதிர்ச்சி இல்லாமப் பாத்துக்கோங்க."

எப்படிப் பார்த்துக்கொள்வது. அதிர்ச்சி சொல்லிவிட்டா வருகிறது?

விசில் அடிக்கும் என்று குக்கரை எடுத்துப் பரணில் வைத்தேன். சோறு பானையில். போன் சத்தத்தைக் குறைத்தாயிற்று. டிவியில் நியூஸ் கிடையாது. வாசல் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்கக் கல். அவள் பின்னால் போனால் முதலில் இருமுவது. பக்கத்து வீட்டில் காதுகுத்து, வெடி போடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு மாதிரி பார்த்தார்கள்.

டூல் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். அவள் கண்ணில் படக் கூடாது.

அவள் தூங்கும்போது மூக்குக்கு முன்னால் விரல் வைத்துப் பார்க்கிறேன். காற்று வருகிறது. எடுக்கிறேன். மறுபடி வைக்கிறேன்.

ஜூன் 18, வியாழன்

ரேவதி ஊருக்குப் போனாள். பிள்ளை ஏங்கிவிட்டானாம்.

தனத்திடம் சொல்லாமல் ஒரு வேலைக்குப் போனேன். பக்கத்துத் தெரு, சின்ன வேலை. சுவிட்ச் போர்டு மாற்றுவது. மருந்துக் கடைக்கு என்று சொல்லிவிட்டுப் போனேன்.

போர்டைக் கழற்றினேன். டெஸ்டரை வைக்க வேண்டும். கை போகவில்லை. மெயின் இறக்கித்தான் இருக்கிறது, நானேதான் இறக்கினேன். இருந்தும் போகவில்லை. நெஞ்சு காதில் அடிக்கிறது. முதுகில் வியர்வை ஓடுகிறது. ஸ்பேனர் எடுத்து வரவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். போர்டு மாற்ற ஸ்பேனர் எதற்கு என்று அந்த அம்மா கேட்கவில்லை.

எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே இதுதான்.

வீட்டுக்கு வந்ததும் தனம், "மாத்திரை எங்க?" என்றாள்.

"கடை மூடிக் கெடந்துச்சு."

வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். "நீங்க பூனை மாதிரி நடக்குறீங்க. மூச்சப் பிடிச்சுக்கிட்டுப் பேசுறீங்க. அதப் பாத்தாத்தாங்க எனக்குப் பயமா இருக்கு."

கேட்கக் கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு என்ன நெனச்ச?"

"ஒண்ணும் நெனக்கல."

கத்தரிக்காயைத் தண்ணீரில் போட்டாள்.

"உங்க செருப்பு ஒண்ணு தனியாக் கெடந்துச்சு. அதத்தான் பாத்துக்கிட்டு நின்னேன். உங்களப் பாக்க எனக்குத் தைரியம் வரல."

ஜூன் 23, செவ்வாய்

எக்கோ. இருட்டு அறை. திரையில் அவள் இதயம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. டாக்டரம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பட்டனை அமுக்குகிறார், அளக்கிறார், முகம் மாறவே இல்லை. இதைவிடப் பயம் அந்தக் கண்ணாடிக்கு வெளியே நின்றபோதுகூட இல்லை.

"நுனி அடிக்குது பாருங்க."

அடித்தது. கொஞ்சம் சோம்பலாக. ஆனால் அடித்தது.

தனம் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டே, "இனிமே குக்கர் வைக்கலாமாம்மா?" என்றாள். டாக்டரம்மாவுக்கு எந்தக் குக்கர் என்று புரியவில்லை.

மறுபடி வருமா என்று கேட்டேன். சிலருக்கு வரலாம் என்றார். பொய் சொல்லவில்லை அவர்.

தனத்தை வெளியே உட்கார வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே போய் என் விஷயத்தைச் சொன்னேன். போர்டு, கை, வியர்வை.

"உங்க உடம்பு அத மறக்கலய்யா. வயரப் பாத்ததும் அன்னைக்கு மாதிரியே சுரக்குது. ஆபத்து இல்லனு அதுக்கு இன்னும் தெரியல."

"தெரிய வைக்கிறது எப்படிம்மா?"

"கொஞ்சங் கொஞ்சமாத் தொட்டுத்தான். தனியாப் போகாதீங்க. கூட யாராச்சும் இருக்கட்டும்."

ஜூன் 26, வெள்ளி

காற்று இன்னும் நிற்கவில்லை. காலையில் பாண்டியண்ணன் போன்.

"வயர்மேனே, புது ஸ்டார்ட்டர் வாங்கி வச்சுட்டேன். மாட்ட ஆள் இல்ல. கத்தரி பூவெல்லாம் கொட்டுது. எல சுருண்டு போச்சு."

வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். தனம் அடுப்படியிலிருந்து வந்து நின்றாள். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"வாராருன்னு சொல்லுங்க."

"தனம், நீ..."

"நானும் வாரேன்."

கட்டிலுக்கு அடியில் குனிந்து டூல் பையை இழுத்தாள். அது அங்கே இருப்பது அவளுக்கு எப்போதோ தெரியும்.

தோட்டம். செடிகள் தலை தொங்கி நிற்கின்றன. எப்படியாவது தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ள இலையைச் சுருட்டிக்கொண்டிருக்கின்றன. மோட்டார் ரூம் வாசலில் என் கால் நின்றுவிட்டது. அவளுக்கும் நின்றது. முகம் வெளுத்தது. நான் திரும்பிவிடலாம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

மெயினை இறக்கினேன். டெஸ்டரும் வைத்துப் பார்த்தாயிற்று. அவள் கை நீட்டி ஃபியூஸ் கட்டை மூன்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி முந்தானையில் போட்டு முடிந்தாள். வெளியே வாய்க்கால் மேட்டில், எனக்குத் தெரிகிற மாதிரி போய் உட்கார்ந்தாள்.

"இது எங்கிட்ட இருக்கு, கரண்டு வராது. வேலையப் பாருங்க போங்க."

உள்ளே குனிந்தேன். நெஞ்சு அடித்தது. அவள் கை நடுங்கியிருக்க வேண்டும். முந்தானைக்குள் பீங்கான் கட்டைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் மோட்டார் ரூம் வரைக்கும் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டே முதல் வயரை எடுத்தேன்.

"முடிஞ்சுச்சா?"

"இன்னும் ரெண்டு வயரு."

"சரி."