மாய்க்கென் பூசிய வெண்பொடி

ஆகஸ்ட் 21, திங்கள்

ஐந்தாவது படம் இன்று காலை மியூசியத்தில் என் மேசைக்கு வந்தது, மேல் அழுக்கை எடுக்க. இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்து வைத்தால் என்ன அகலமோ அவ்வளவுதான். ஈயத் தட்டு, நான்கு பிளம், ஒரு கத்தி. கத்தியின் அலகில் பொடி எழுத்தில் ‘மாய்க்கென் ஸ்டூர்’ என்று பெயர். மூன்று வருடத்துக்கு முன்னால் வேரே என்னும் ஊரில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்தபோது இந்த ஐந்தும் அகப்பட்டன. இல்லையென்றால் முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன் இப்படி ஒருத்தி பழம் வரைந்தாள் என்றே யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போது பேருந்து நிறுத்தங்களில் எல்லாம் அவள் பெயர். அக்டோபர் 14 கண்காட்சித் திறப்பு.

ரென்ஸ்க அரை மணிக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்க்கிறாள். கண்காட்சி முழுக்க அவள் பொறுப்பு. முப்பத்தாறு வயது, நடக்கத் தெரியாது, ஓட்டம்தான். பரிசோதனை முடிவைக் கொண்டுவந்து என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

“யோசினா, இதப் பாருங்க. வார்னிஷுக்கு மேல போட்டிருக்கா! மேல!”

வெண்பொடியைச் சொல்கிறாள். பறித்த பிளம்மின் தோலில் நீலம் கலந்த வெள்ளைப் பொடி இருக்குமே, தொட்டால் போய்விடுமே, அது. மற்ற ஓவியர்கள் அதையும் வரைந்து முடித்துவிட்டுத்தான் வார்னிஷ் போடுவார்கள். இவள் வார்னிஷ் போட்டு, காயவிட்டு, கடைசியாக விரல்நுனியால் ஒற்றியிருக்கிறாள். அதனால்தான் தொட்டால் போய்விடும் போல இருக்கிறது. போயும்விடும். வார்னிஷைக் கழுவுகிறவர்கள் இதையும் சேர்த்துக் கழுவிவிடுவார்கள். இந்த ஐந்தையும் இதுவரை ஒருவரும் கழுவாதது அவள் அதிர்ஷ்டம்.

ஆகஸ்ட் 24, வியாழன்

எதிர்க்காற்று. மியூசியத்துக்குச் சைக்கிளில் ஐம்பது நிமிடம். மதியம் வரை ஒரு சட்டைப் பொத்தான் அளவு இடம்தான் சுத்தமானது. எச்சில் தொட்ட பஞ்சு போதும் இவளுக்கு, மருந்தெல்லாம் ஆகாது.

ஆகஸ்ட் 26, சனி

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

தோட்டத்தில் அறுவடை. மதியம் என் கணவன் க்ரைன் ரொட்டி சாப்பிட உள்ளே வந்தான். நான் சமையலறை மேசையில் கண்காட்சிப் புத்தகத்தின் அச்சுப்படியைத் திருத்திக்கொண்டிருந்தேன். முதல் பக்கத்தில் ‘பெரிய தட்டு’. எங்கள் மியூசியத்தின் செல்லப்பிள்ளை. மாய்க்கெனின் கணவர் யோஸ் வெர்பீக் வரைந்தது என்று நூறு வருடமாகச் சொல்லி வருகிறோம். பதினோரு பிளம், கண்ணாடி மாதிரிப் பளபளப்பு. கீழே கடையில் அதே பிளம்கள் கோப்பையிலும் குடையிலும் உண்டு.

க்ரைன் வாய் நிறைய ரொட்டியோடு என் தோளுக்கு மேலாகப் பார்த்தான்.

“இது எங்க பறிச்ச பழம்?”

“ஏன்?”

“ஒண்ணுல கூட பொடி இல்லையே. எலையப் பாரு, அப்பத்தான் பறிச்ச எல. பழம் மட்டும் பத்து கை மாறியிருக்கு. எவனோ சட்டையில நல்லாத் தேச்சு வெச்சிருக்கான். இப்படிக் கொண்டுபோனா என்னைய பழ ஏலத்துலேந்து வெரட்டி விட்டுருவாங்க.”

நாற்பது வருடமாக பிளம் வளர்க்கிறவன். காம்பைப் பிடித்துத்தான் பறிப்பான். பழத்தில் விரல் படாது. சொல்லிவிட்டு, இன்னொரு துண்டில் வெண்ணெய் தடவிக்கொண்டு போய்விட்டான். படத்தின் கீழே ரென்ஸ்க எழுதியிருந்ததை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்:

‘மாய்க்கென் ஒரு பிளம்மைக்கூட வெண்பொடி இல்லாமல் விட்டதில்லை. பெரிய தட்டில் ஒன்றுக்குக்கூட வெண்பொடி இல்லை. எனவே இது கணவரின் கைவேலையே. அவரைப் பார்த்தே அவள் கற்றுக்கொண்டாள்.’

எவனோ இல்லை, க்ரைன். நான்தான். 1999, வசந்தகாலம். பெரிய தட்டைக் கழுவியது நான்.

ஆகஸ்ட் 28, திங்கள்

கோப்பு அறைக்குப் போனேன். 1999-ம் வருடக் கோப்பு, பச்சை அட்டை. நான்காம் பக்கம், என் கையெழுத்து, முப்பத்துநான்கு வயதின் தலைக்கனத்தோடு:

‘பிளம்களின் மேல் நீலம் கலந்த சாம்பல் நிற அழுக்கு. முழுவதும் நீக்கப்பட்டது.’

முழுவதும் என்ற சொல்லுக்கு அடிக்கோடு. பெருமையாம்.

பெரிய தட்டு அவளுடையது. அவள் வரைந்ததிலேயே பெரியது, சிறந்தது. புத்தகம் 12-ம் தேதி அச்சுக்குப் போகிறது. போய்விட்டால் இன்னொரு நூறு வருடம் அது கணவனுடையது. இவள் அவன் பின்னால் நின்று பார்த்துக் கற்றவள்.

வெளியே ரென்ஸ்கவின் குரல் கேட்டது. நான்காம் பக்கத்தைக் கழற்றிப் பையில் வைத்தேன். ரொட்டி டப்பாவுக்கும் மழைக்கோட்டுக்கும் நடுவில். யோசித்துச் செய்தேனா? இல்லை. ஆனால் திருப்பி வைக்க நாள் முழுக்க நேரம் இருந்தது. வைக்கவில்லை.

ஆகஸ்ட் 30, புதன்

பத்தரை மணி காப்பி. ரென்ஸ்க பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“பெரிய தட்டு கோப்புல நாலாம் பக்கத்தக் காணோமே?”

“எங்கயாவது செருகியிருக்கும். பழைய கோப்பு.”

“பரவாயில்ல விடுங்க. ஒரு சரிபார்ப்புக்குத்தான் கேட்டேன். வேற யாரு கழுவியிருந்தாலும் நான் சந்தேகப்பட்டிருப்பேன். உங்க கை பட்ட படத்துல அழுக்கத் தவிர வேற என்ன போயிருக்கும்? அந்த தைரியத்துலதான் யோஸ்னு எழுதினேன்.”

பிஸ்கட்டைத் திரும்பத் தட்டில் வைத்தேன். என் நல்ல பெயர்தான் மாய்க்கெனுக்கு எதிரான சாட்சி. இதைவிடக் கேவலம் உண்டா?

செப்டம்பர் 3, ஞாயிறு

க்ரைன் கண்டுபிடித்துவிட்டான். என் பையிலிருந்து மழைக்கோட்டை எடுக்கப் போனவன் அந்தப் பக்கத்தோடு வந்தான்.

“என்ன இது?”

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு ஒரே வார்த்தை: “சொல்லிடு.”

“அடுத்த வருஷம் எனக்கு ஓய்வு. முப்பது வருஷ வேலை. எல்லாத்தையும் கொண்டுபோய் குப்பையில போடச் சொல்றியா?”

“அந்தப் பொம்பளையோட வேலைய நீ எங்க போட்ட?”

“அவ செத்து முந்நூறு வருஷம் ஆச்சு!”

“அப்ப இத எதுக்கு உன் கோட்டுக்கு அடியில ஒளிச்சு வெச்ச? அவ செத்துட்டாள்ல? கொண்டுபோய் மேசையில வெக்க வேண்டியதுதான?”

கையில் இருந்த தட்டைத் தொட்டியில் போட்டேன். உடைந்தது. இருபத்தெட்டு வருடத்தில் நான் அவன் முன்னால் உடைத்த முதல் தட்டு. இரண்டு துண்டையும் அவன்தான் பொறுக்கினான். அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஒருவேளை உண்மையிலேயே அழுக்காக இருந்திருந்தால்? அடுப்புப் புகை, மெழுகுவர்த்திக் கரி, எவ்வளவோ ஏறும். ஒருவேளை யோஸே வரைந்திருந்தால்?

போதும் யோசினா. யாரிடம் கதை அளக்கிறாய்? பஞ்சு நீலமாக வந்தது. கரி கறுப்பாக வரும், பழைய வார்னிஷ் மஞ்சளாக வரும். நீலமாக வருகிற அழுக்கை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. முதல் பஞ்சிலேயே கை நின்றது, நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஆனால் மறுநாள் பத்திரிகைக்காரர்கள் வருவதாக இருந்தது. முதல் பிளம் அதற்குள் பளபளவென்று ஆகிவிட்டது. எல்லாரும் கூடி நின்று அடடா என்றார்கள். ஒன்று பளபளத்தால் மீதிப் பத்தும் பளபளக்க வேண்டாமா? கழுவினேன். தெரியாமல் இல்லை. தெரிந்துகொள்ள விரும்பாமல்.

செப்டம்பர் 6, புதன்

வெட்கமா இருக்கு. வேற ஒண்ணும் எழுத வரல.

செப்டம்பர் 8, வெள்ளி

இன்று பிறந்தநாள் எனக்கு. ஐம்பத்தொன்பது. எங்கள் ஊர் வழக்கப்படி பிறந்தநாள்காரிதான் எல்லாருக்கும் வாங்கித் தர வேண்டும். இலவங்கப்பட்டையும் சர்க்கரைப்பாகும் ஒட்டும் போலுஸ் ரொட்டிச் சுருள் இருபது வாங்கிப் போனேன். என் நாற்காலியில் காகித மாலை கட்டியிருந்தார்கள். வட்டமாக நாற்காலி போட்டு எல்லாரும் உட்கார்ந்தோம். ஒவ்வொருவரும் வட்டம் சுற்றி வந்து, எனக்கு மட்டுமா, ஒருவருக்கொருவர் கைகொடுத்து “யோசினா பொறந்தநாளுக்கு வாழ்த்துக்கள்” என்று முடிப்பதற்குள் காப்பி ஆறிவிட்டது.

இயக்குநர் மதலோன் எழுந்து ஒரு நீளமான பொட்டலத்தைக் கொடுத்தாள். பிரித்தால் குடை. பெரிய தட்டின் பிளம்கள் அச்சடித்த குடை.

“விரிங்க, விரிங்க!” என்றார்கள்.

“வீட்டுக்குள்ள விரிக்கக் கூடாதும்பாங்க,” என்றார் வாசல் காவலர் அட்ரியான்.

“இவங்க வெளக்கின பழத்துக்கு எந்த மழை வந்தாலும் சாயம் போகாது,” என்றாள் மதலோன். எல்லாரும் சிரித்தார்கள். “முப்பது வருஷத்துல யோசினா ஒரு தப்பு பண்ணி நான் பாத்ததில்ல. எதாவது பேசுங்க யோசினா.”

விரல்களில் போலுஸ் பாகு ஒட்டிக்கொண்டிருந்தது. துடைக்கத் துடைக்கப் போகவில்லை. எதிரே ரென்ஸ்க கன்னம் உப்பச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் வந்துவிட்டது.

“ஒரு தப்பு இருக்கு,” என்றேன். பையிலிருந்து பக்கத்தை எடுத்து ரென்ஸ்கவிடம் நீட்டினேன். “நாலாம் பக்கம். நான்தான் எடுத்தேன். பெரிய தட்டுல வெண்பொடி இருந்துது. நான் தொடச்சிட்டேன்.”

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள். ரென்ஸ்க படித்தாள். மறுபடியும் படித்தாள். அவள் முகம் வெளுத்ததை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

“போன வாரம் புதன்கிழமை உங்களக் கேட்டேனே. பக்கத்துல உக்காந்து கேட்டேனே யோசினா.”

“ஆமா.”

“எங்கயோ செருகியிருக்கும்னு சொன்னீங்க.”

“ஆமா.”

எழுந்து போய்விட்டாள். முதல் முறையாக நடந்து போனாள். அட்ரியான் மட்டும் என் கோப்பையை எடுத்துப் புதிதாகக் காப்பி ஊற்றி வைத்தார்.

செப்டம்பர் 11, திங்கள்

அச்சு நிறுத்தப்பட்டது. மதலோன் கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள். கழுவினது அந்தக் காலத்துத் தவறு, அதை மன்னிக்கலாம். பக்கத்தை எடுத்ததை மன்னிக்க முடியாது. நியாயம்தான். ஐந்தாவது படத்தை என் மேசையிலிருந்து எடுத்துப் போனார்கள். மாய்க்கென் படம் எதையும் இனி நான் தொடக் கூடாது. பெரிய தட்டை ஆராய ஆம்ஸ்டர்டாமிலிருந்து ஒருவர் வருகிறார்.

என் வார்த்தை மட்டும் போதாதாம். கோப்பைத் திருடியவளின் வார்த்தைக்கு என்ன மதிப்பு? வண்ணத்தின் பள்ளத்தில் துகள் ஏதாவது மிச்சம் இருந்தால்தான் ஆயிற்று. இல்லையென்றால் படம் யோஸ் பெயரிலேயே தொங்கும்.

நான் ‘முழுவதும்’ என்று அடிக்கோடிட்டவள். என் வேலை எப்போதும் சுத்தம். ஐயோ, கொஞ்சம் மோசமாக வேலை செய்திருக்கக் கூடாதா நான்?

செப்டம்பர் 15, வெள்ளி

ஆம்ஸ்டர்டாம்காரர் ஏழு பிளம் பார்த்துவிட்டார். ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 18, திங்கள்

ஒன்பது. ஒன்றும் இல்லை. மேசையில் படச்சட்டங்களுக்கு மெழுகு பூசிக்கொண்டிருக்கிறேன். யாரும் என்னிடம் கேட்பதில்லை. நானும் யாரையும் கேட்பதில்லை. காப்பி நேரத்தில் என் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கிறது.

செப்டம்பர் 19, செவ்வாய்

மாலை நாலு மணிக்கு ரென்ஸ்க வந்தாள். பதினொரு நாள் கழித்து. ஓடி வந்தாள்.

“பத்தாவது பழம். காம்புக் குழியில. நீலமும் வெள்ளையும், வார்னிஷுக்கு மேல! அரிசி மணியில பாதிகூட இருக்காது. உங்க பஞ்சு அங்க போகல.”

மெழுகுத் துணியை மடித்தேன், விரித்தேன். பிறகு உட்கார்ந்து அழுதேன், சத்தமாக, வெட்கமில்லாமல். அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை. ஆனால் போகவும் இல்லை.

அக்டோபர் 10, செவ்வாய்

படத்துக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டையை ரென்ஸ்க காட்டினாள். மேலே ‘மாய்க்கென் ஸ்டூர்’. கீழே சின்ன எழுத்தில்: ‘முன்பு ஒரு சுத்தப்படுத்தலின்போது பிளம்களின் வெண்பொடி இழக்கப்பட்டது.’

“யாரு இழந்தது?” என்று கேட்டேன்.

“அத எழுதணுமா? எதுக்கு உங்களுக்கு வீண் வம்பு?”

“தானா பறந்து போச்சுன்னு நெனப்பாங்க. என் பேரப் போடு.”

பென்சிலை எடுத்து எழுதினாள். என் பெயரின் எழுத்துக்களைச் சரியாக எழுதியிருக்கிறாளா என்று இரண்டு தடவை கேட்டாள்.

அக்டோபர் 22, ஞாயிறு

திறப்பு விழாவுக்கு நான் போகவில்லை. இன்று கோட்டும் தொப்பியுமாகப் பார்வையாளர்களோடு வரிசையில் நின்று போனேன். நுழைந்ததும் எதிரே பெரிய தட்டு. யோஸின் படங்களை உள்ளறைக்கு மாற்றிவிட்டார்கள்.

எனக்கு முன்னால் இரண்டு பெண்கள், ரோட்டர்டாம் பக்கத்துப் பேச்சு. உயரமானவள் அட்டையைச் சத்தமாகப் படித்தாள், என் பெயர் உட்பட.

“தொடச்சவ பேரையும் போட்டு வெச்சிருக்காங்க பாரேன்! என்ன கொழுப்பு! ஒருத்தி உசுரக் குடுத்து வரஞ்சத இவ கந்தலால தொடச்சிருக்கா. இவளுக்கெல்லாம் எப்படித்தான் சோறு எறங்குதோ.”

நான் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு முழ தூரத்தில் நின்றேன். காது சுட்டது. நகரவில்லை.

“வரஞ்சவ பேரு என்னன்னு சொன்ன?” என்று குட்டையானவள் கேட்டாள். கைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தாள்.

“மாய்க்கென். மாய்க்கென் ஸ்டூர்.”

“ஸ்டூர். இரு, இரு, எழுதிக்கறேன். ஊருக்குப் போய் எங்கக்காகிட்ட சொல்லணும்.”

பெயரை எழுதி, ஒரு முறை உரக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். என் பெயரை அவள் கேட்கவில்லை. பிறகு இருவரும் காப்பி குடிக்கக் கீழே இறங்கினார்கள்.