திருமண ஓலையில் வெட்டிய துண்டு

அனுப்புநர்:
திருமதி புஸ்பராணி சண்முகநாதன்,
மோர்னிங்சைட், ரொறன்ரோ.

பெறுநர்:
மேன்முறையீட்டு அதிகாரி,
குடும்ப இணைவு விண்ணப்பப் பிரிவு, ரொறன்ரோ.

விடயம்: உங்கள் ஆய்வுகூடம் எங்கள் திருமண ஓலையை வெட்டியது தொடர்பான மூன்றாவது மனு.

மதிப்புக்குரிய அம்மணி,

1. நான் மணற்றிப் பேரரசின் குடிமகள். ஆறு வருடங்களுக்கு முன் என் மகள் சாம்பவியின் இருதய சத்திரசிகிச்சைக்காக இங்கு வந்தேன். நாடி பார்த்து அவளது இருதயத்தில் ஓட்டை இருப்பதைச் சொன்னவர்கள் எங்கள் ஊர் வைத்தியர்கள். அதை அடைக்க அவளை இங்கே கொண்டுவரச் சொன்னவர்களும் அவர்களே. அவளுக்கு இப்போது பத்து வயது. இன்னொரு சிகிச்சை இருப்பதால் நான் ஊர் திரும்ப முடியாது.

2. என் கணவர் சண்முகநாதன் அங்கே அரச வாய்க்காலின் மதகுக் காவலர். அவரை இங்கு அழைக்க விண்ணப்பித்தேன். பதிவுச் சான்றிதழ் கேட்டீர்கள். எங்கள் நாட்டில் அது கிடையாது. பிற நாடுகள் அச்சு, ரயில், பதிவு அலுவலகம் என்று மாறியபோது நாங்கள் மாறவில்லை. மேற்கிலிருந்து வந்த கப்பல்களுக்கு மிளகு விற்றோம். அவர்களுடைய முறைகளை வாங்கவில்லை. இதைப் பெருமையாகவோ வெட்கமாகவோ எழுதவில்லை. ஒவ்வொரு முறையும் விளக்கவேண்டியிருப்பதால் எழுதுகிறேன்.

3. எங்களிடம் உள்ளது திருமண ஓலை. ஊர்ச்சபையில் நாற்பத்தொரு பேர் சாட்சி சொல்லிப் பெயர் பொறித்தது. அதை உங்களிடம் ஒப்படைத்தேன். அதன் வயதை அறிவதற்காக 11.02.2024 அன்று உங்கள் ஆய்வுகூடம் இரண்டு விரல் அகலத் துண்டொன்றைக் குறுக்கே வெட்டி எடுத்தது. அந்தத் துண்டில் பதினேழு பெயர்கள் இருந்தன. பின்னர், சாட்சிகளின் பெயர்கள் முழுமையாக இல்லையென்று விண்ணப்பத்தை நிராகரித்தீர்கள்.

4. எங்கள் நாட்டில் கணவனும் மனைவியும் பிரிந்தால்தான் திருமண ஓலையைக் குறுக்கே வெட்டுவார்கள். வெட்டினால் மணம் முறிந்தது. இது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் வெட்டிய ஓலையை என்னிடம் தராமல், ஆங்கிலக் கடிதமொன்றுடன் நேரே என் கணவருக்கு அனுப்பிவிட்டீர்கள். அங்கே ஆங்கிலம் வாசிக்க ஆளில்லை.

5. எங்கள் கரையில் தொலைபேசியும் இல்லை, விமானமும் இறங்குவதில்லை. ஏடனிலிருந்து பாய்க்கப்பல் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றில் போகும், மாதங்கள் கழித்து வாடைக் காற்றில் திரும்பும். ஆகவே அவருடைய கடிதம் இவ்வருடம் மாசியில்தான் கிடைத்தது. அவர் எழுதியிருந்தது இவ்வளவே: "நீ வெட்டி அனுப்பினாய் எண்டு நான் நினைக்கேல்லை. சபை அப்பிடித்தான் நினைக்குது. என்ன நடந்தது எண்டு எழுது, புஸ்பம்."

6. பிறம்ரனில் என் வேலையிடத்தில் விடுப்பு எடுத்து, நான்கு தடவை உங்கள் அலுவலகம் வந்தேன். அங்கே முகப்பில் இருக்கும் நிலாணி என்ற பிள்ளை மரியாதையாகவே பேசினார். "அன்ரி, உது ஒரு சின்ன சாம்பிள்தானே. சிஸ்டத்தில டமேஜ் எண்டு ஒண்டும் இல்லை," என்றார். அவரைக் குறைசொல்ல நான் எழுதவில்லை. பங்குனியிலும் வைகாசியிலும் கொடுத்த மனுக்களுக்குப் பதில் வரவில்லை.

7. கணவருக்கு என் பதிலை எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் சபைக்கு என் சொல் போதாது. வெட்டியவரின் வாக்கு வேண்டும். இல்லையேல் புது ஓலைக்கு நாங்கள் இருவரும் சபையில் நிற்கவேண்டும். ஏடனிலிருந்து கடைசிக் கப்பல் ஆவணி நடுவில் புறப்படுகிறது. அதைத் தவறவிட்டால் அடுத்த வருடச் சோளகம்தான்.

8. ஆகவே அந்தத் துண்டைத் திருப்பித் தாருங்கள். ஓலையை வெட்டியது உங்கள் அலுவலகம் என்றும், அது எங்கள் இருவருக்கும் தெரியாமல் நடந்தது என்றும் தமிழில் இரண்டு வரி எழுதி முத்திரையிட்டுத் தாருங்கள்.

விண்ணப்பத்தை நிராகரித்ததுதான் உங்கள் இறுதி முடிவென்றால், அது அப்படியே இருக்கட்டும். நான் வாதாட மாட்டேன், களைத்துவிட்டேன். அவர் இங்கே வராமல் போனாலும், என் கணவராகவே இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
பு. சண்முகநாதன்
ரொறன்ரோ
21.07.2025