நான்காவது வரியை யார் அடிப்பது?

மார்ச் 3, செவ்வாய்

மேனேஜர் கூப்பிட்டார். கிடங்குக்கு வந்திருக்கும் புதிய கணினிக்குத் திரை கிடையாது, மவுஸ் கிடையாது. அலமாரிக்குள் ஒரு கறுப்புப் பெட்டி, அவ்வளவுதான்.

"இத்தனை நாளா திரையில ஜன்னல் ஜன்னலாத் திறந்து மவுஸால தட்டித் தட்டி மாத்தினீங்க இல்ல? அதையெல்லாம் வரி வரியாக் கட்டளையா எழுதி ஒரு கையேடு போடுங்க. இங்க உக்காந்தே கிடங்கு மெஷினைப் பாத்துக்கணும். முடியலைன்னா ஒருத்தர் அங்கயே போய் இருக்க வேண்டியதுதான்."

'ஒருத்தர்' என்றபோது என்னைத்தான் பார்த்தார். அறையில் வேறு யாரும் இல்லை என்பது வேறு விஷயம்.

கிடங்கு பேருந்தில் ஒரு பகல் தூரம். என் மனைவிக்கு அடுத்த மாதம் பிரசவம். வீட்டுக்கு வந்து சொன்னேன். "ஒரு மவுஸ் இல்லைங்கறதுக்காக என் பிள்ளை அப்பா மூஞ்சியை போன்லதான் பாக்கணுமா?" என்றாள். கையேட்டை எழுதியே ஆகவேண்டும்.

மார்ச் 5, வியாழன்

கிடங்குப் பெட்டிக்குக் கட்டளை அடிக்க என் கணினியில் திறக்கும் இந்தத் திரைக்கு ஒரு குணம். சரியாகச் செய்தால் வாயே திறக்காது. தப்பாகச் செய்தால் மட்டும் பக்கம் பக்கமாகத் திட்டும். நம் மேனேஜரையே பெட்டிக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார்களோ?

மார்ச் 9, திங்கள்

கடிகாரம் மாற்றுவது, பிரிண்டர் சேர்ப்பது, கடவுச்சொல் மாற்றுவது எல்லாம் எழுதியாகிவிட்டது. ஜன்னலில் ஏழெட்டு இடம் தட்டவேண்டியது இங்கே ஒரே வரி. மவுஸுக்கு இத்தனை வருடம் வாலாட்டினோமே என்று கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஒரு எச்சரிக்கை: 'பெட்டியை யாரும் தொடக் கூடாது.' வெறுமனே எழுதினால் யார் கேட்கிறார்கள்? அதனால் கிடங்கில் இருப்புக் கணக்கு பார்க்கும் அக்காவுக்கு அந்தப் பக்கத்தை அனுப்பி, அலமாரியில் ஒட்டிப் பூட்டச் சொல்லி, சாவியையும் கூரியரில் வரவழைத்துவிட்டேன். என் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருக்கிறது. முன்யோசனை என்றால் இது.

இவளிடம் பிழை பார்க்கக் கொடுத்தேன். "நல்லா இருக்குங்க, தூக்கம் நல்லா வருது" என்றாள்.

மார்ச் 11, புதன்

எழுதவே கை கூசுகிறது.

நெட்வொர்க் பகுதியைச் சோதித்தேன். அதில் ஏதாவது மாற்றினால் ஒருமுறை அணைத்துப் போடவேண்டும். மூன்றாவது வரி: நெட்வொர்க்கை அணை. நான்காவது வரி: நெட்வொர்க்கைப் போடு. தெளிவாக, அழகாக எழுதியிருந்தேன். மூன்றாவதை அடித்தேன். நான்காவதை அடிக்கப் போனால் ஒரு எழுத்துகூட விழவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. நான் அந்தப் பெட்டியோடு பேசுவதே அந்த நெட்வொர்க் வழியாகத்தானே! அதை அணைத்துவிட்டு நான்காவது வரியை யார் அடிப்பது? எந்த அறிவாளி எழுதினான் இதை? நான்தான். நானேதான்.

கிடங்கு அக்காவுக்கு போன் போட்டேன்.

"அக்கா, பெட்டியில ஒரு பட்டன் இருக்கும். அமுக்கி அணைச்சிட்டு மறுபடி போடுங்க."

"தொடக் கூடாதுன்னு எழுதியிருக்கே சார்."

"நான்தானே எழுதினேன்? பரவால்ல, தொடுங்க."

"அலமாரி பூட்டியிருக்கு சார்."

"சாவி எங்க?"

"உங்ககிட்டதான் சார்."

மார்ச் 12, வியாழன்

சட்டைப் பையில் சாவியோடு பகல் முழுக்கப் பேருந்து. அலமாரியைத் திறந்து, பட்டனை அமுக்கினேன். சரியாகிவிட்டது. "இதுக்கா சார் இவ்ளோ தூரம் வந்தீங்க?" என்று டீ வாங்கிக் கொடுத்தார் அக்கா. அந்தக் கரிசனம்தான் தாங்கவில்லை.

மேனேஜர் போனில்: "வந்தது வந்துட்டீங்க, பக்கத்துல வாடகைக்கு வீடு இருக்கான்னு பாத்துட்டு வாங்க. திங்கட்கிழமை என் முன்னால ஒருதடவை செஞ்சு காட்டுங்க, அப்புறம் முடிவு பண்ணலாம்."

பேருந்து நிலையத்தில் உட்கார்ந்திருக்கும்போது அழுகை வந்தது. தூசி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மார்ச் 15, ஞாயிறு

சாப்பிட்டுவிட்டு இவள் படுக்கப் போனாள். போனில் அலாரம் வைத்தாள், மாத்திரை நேரத்துக்கு.

"நான் எழுப்ப மாட்டேனா?"

"நீங்க எழுப்புவீங்கன்னு நம்பித் தூங்கினா பிள்ளை பொறந்தப்புறம்தான் எழுந்திருப்பேன். நானே வச்சுட்டுப் படுத்துட்டா நிம்மதி."

அப்படியே நின்றுவிட்டேன். பெட்டிக்கும் அலாரம் வைத்துவிட்டுப் படுக்கப் போட்டால் என்ன? 'பத்து நிமிடத்தில் நீயாகவே அணைந்து எழுந்திரு' என்று முதலில் ஒரு வரி. அதற்கப்புறம் நெட்வொர்க்கை நான் அணைத்தாலும், எழும்போது அதுவே போட்டுக்கொண்டு உட்காருமே!

மாத்திரைக்கு அவளை எழுப்பியது அலாரம்தான். நான் கணினி முன்னால் இருந்தேன்.

மார்ச் 16, திங்கள்

மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டு என் தோளுக்குப் பின்னால் உட்கார்ந்தார். அலாரம் வரியை அடித்தேன். அப்புறம் அதே மூன்றாவது வரி. திரை செத்துப் போனது.

"சாவி எடுத்து வச்சிருக்கீங்களா?" என்றார்.

பத்து நிமிடம் என்பது எவ்வளவு பெரிய நேரம் என்று பெட்டி கண்டுபிடித்தவனுக்குத் தெரியாது. பத்தும் போய், இன்னும் வரவில்லை. "இவ்ளோதானா?" என்று மேனேஜர் பாதி எழுந்தபோது திரையில் கிடங்குப் பெட்டி என் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டது. உள்ளே போய்க் கடிகாரத்தைப் பார்த்தேன், பிரிண்டரைப் பார்த்தேன். எல்லாம் இருந்தது.

மேனேஜர் திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "ஒண்ணுமே சொல்லலையா? அப்போ என்ன அர்த்தம்?" என்று பயந்தாள். அர்த்தம் எனக்குத் தெரியும். சாவியைக் கூரியரில் அக்காவுக்கே திருப்பி அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் 20, திங்கள்

கிடங்குக் கடிகாரம் பின்தங்குகிறது என்று அக்கா போன் செய்தார். மகள் என் இடது தோளில். அவள் அம்மா இப்போதுதான் கண் அசந்தாள். ஒற்றைக் கையால், ஒற்றை விரலால், ஒரு வரி.

பெட்டி ஒன்றும் சொல்லவில்லை. தோளில் இருப்பவளும் ஒன்றும் சொல்லவில்லை. சரியாகத்தான் செய்துகொண்டிருக்கிறேன் போல.