உதட்டுக்குள் மாம்பழ ருசி

அன்புள்ள அகேயோ,

வெள்ளிக்கிழமை அப்பாவை உன் பள்ளிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். உன் பெட்டியில், உதட்டுக்குள் அடக்கிக்கொள்ளும் நிக்கோடின் பொட்டல டப்பா கிடைத்ததாம். யார் கொடுத்தது என்று எத்தனை முறை கேட்டும் நீ வாயே திறக்கவில்லையாம். கொடுத்தது உன் தோழி நெகேசாதான் என்று அப்பா முடிவே கட்டிவிட்டார்.

இங்கே கிசுமுவில் இரண்டு நாளாக மழை.

கல்லூரி விழாவில், அதைத் தயாரிக்கும் கம்பெனிக்காக அந்த டப்பாக்களை நான் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருந்தபோது நீ வந்தாய்.

"இதுவும் சிகரெட் மாதிரிதானேக்கா?" என்றாய்.

"புகையும் இல்ல, நாத்தமும் இல்லடி. உதட்டுக்குள்ள வச்சுக்கிட்டா மாம்பழ மிட்டாய் மாதிரி இருக்கும். எல்லாப் பொண்ணுங்களும் வாங்குறாளுங்க, நீ ஒருத்திதான் பயந்து சாகுற" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குக் கூசித்தான் நீ வாங்கினாய். உனக்குப் பதினாறு வயது என்பது எனக்குத் தெரியாதா?

அது இல்லாமல் வகுப்பில் உட்கார முடியவில்லை என்று போன மாதம் எழுதியிருந்தாய். நான் பதிலே போடவில்லை.

இன்று காலை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "நீயா?" என்றார்.

வெள்ளிக்கிழமை நானும் வருகிறேன். தலைமையாசிரியையிடம் நானே சொல்கிறேன். என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் பார்க்காதே. ஆனால் நான் சொல்வதை மறுத்துப் பேசி என்னைக் காப்பாற்றிவிடாதே.

உன் அக்கா