ஜெசிந்தாவின் போன் நிற்கவில்லை

செவ்வாய், இரவு.

வாலிநோக்கம் உப்பளத் தொழிலாளர்களின் மறியலுக்கு எங்கள் பத்திரிகையிலிருந்து நானும் ஜெசிந்தாவும் போயிருந்தோம். அவள் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. நேற்றுத்தான் வெளியான புதிய இயங்குதளத்தை அதற்குள் போனில் ஏற்றியிருந்தாள்.

“முதல் பதிப்பும் முதல் தகவலும் ஒண்ணு தாயி. மறுப்பு வருதான்னு பாத்துட்டுத்தான் நம்பணும். உன் போன் பாதியில நின்னுரும்,” என்றேன்.

“நீங்க திருத்தம் வர்ற வரைக்கும் இங்கனயே இருங்கண்ணே. நான் படத்த அனுப்பிட்டு வாரேன்,” என்று சிரித்தாள்.

நின்றுவிட வேண்டும் என்று மனதார விரும்பினேன். நிற்கவில்லை. என் பழைய போனில்தான் படம் பாதிவரை போய் அசையாமல் கிடந்தது. ஆசிரியர் அழைத்தார்.

“ஜெசிந்தா படம் வந்துருச்சு. அருமையா இருக்கு. நீங்க அனுப்ப வேணாம்.”

நாளை முதல் பக்கத்தில் அவள் பெயர் வரும். இந்தக் கடற்கரைச் செய்தி என்றால் இதுவரை என் பெயர்தான் வந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் நானும் அதே இயங்குதளத்தை ஏற்ற ஆரம்பித்தேன். வெகுநேரமாகத் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. காலையில் போன் திறக்காவிட்டால் நான் சொன்னதுதான் சரி. அதை அவளிடம் சொல்லத்தான் போன் இருக்காது.