சவுக்காரத்தில் சிவந்த மஞ்சள்

அன்புள்ள அத்தை,

இன்று காலை வெட்டுமேசையில் வெள்ளைப் பட்டுத்துணியை விரித்தேன். அந்தப் புதுத்துணி வாசனை வந்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். நீங்கள் போய் ஒரு வருஷமாகிறது. இருந்தாலும் பின்னாலிருந்து, "வெள்ளையிலயாடி தைக்கப் போற?" என்று கேட்பீர்கள் என்றே பட்டது.

எழுபதுகளின் கடைசியில் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, எங்களைக் காரைக்காலுக்குக் கூட்டிவந்தார். பிரான்சில் உடையலங்காரம் படித்த எனக்கு இங்கே கிடைத்த முதல் பெரிய வேலை உங்கள் மகள் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள். முதல் நாள் மேரியில் பதிவு, மறுநாள் உங்கள் ஊர் சுரக்குடியில் தாலி. நகராட்சியை அவர்கள் இன்னும் மேரி என்றுதான் சொல்வார்கள். பதிவுக்கு வெள்ளை கவுன் கேட்டார்கள். நானும் துள்ளிக்கொண்டு தைத்தேன். அங்கே அது கல்யாணப் பெண்ணின் நிறம். இங்கே யாருடைய நிறம் என்று எனக்கு உறைக்கவேயில்லை.

பார்த்ததும் உங்கள் முகம் மாறிவிட்டது. "தாலி கட்டறதுக்கு முந்தியே எம்பொண்ண அறுத்தவளா ஆக்கப் பாக்குறியா? பிரான்சுக்காரிக்கு என்னடி தெரியும்! இதப் போட்டா நான் மேரிக்கு வரமாட்டேன்." எனக்கு அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. பிரான்சில் என்னை இந்தியாக்காரி என்றார்கள். இங்கே வந்தால் இப்படி.

பதிவு நாள் காலையில் பார்த்தால், கவுனின் கீழ்விளிம்பில் மஞ்சள். புதுத்துணிக்கு எல்லோரும் வைக்கிற பொட்டுதான். ஆனால் பயத்தில் நீங்கள் உள்ளங்கை அகலத்துக்கு அப்பியிருந்தீர்கள். கிணற்றடிக்கு ஓடி, சவுக்காரம் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தேன். மஞ்சள் போகவில்லை, சிவந்தது. இந்த ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் எனக்குத் தெரியவில்லை.

எட்டிப் பார்த்த நீங்கள் திட்டுவீர்கள் என்று நினைத்தேன். விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அடி பைத்தியமே, ஆரத்தியாட்டம் செவந்துடுச்சு பாரு! இனிமே எந்தக் கண்ணும் படாது."

அப்புறம் குண்டானில் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, விளிம்பு முழுவதையும் இருவருமாக முக்கினோம். உங்கள் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டிக்குக் கரி அள்ளிப் போட்டு ஊதியதும் நீங்கள்தான்.

மேரிக்கு வந்தீர்கள். கரையைத் தொட்டுப் பார்த்த சம்பந்தியம்மா, "எந்தக் கடையில எடுத்தீங்க?" என்றார்.

"கடையா? எங்க வீட்டுப் பொண்ணு தச்சதுங்க."

அப்பாடா என்றிருந்தது அத்தை. கவுன் பிழைத்தது என்பதற்காக மட்டுமில்லை.

வெள்ளையில் சிவந்த கரை இப்போது என் அடையாளமாகிவிட்டது. பாண்டியிலிருந்தும் தேடி வருகிறார்கள். வந்தவர்கள் என் தமிழைக் கேட்டுவிட்டு, நீங்கள் எந்த ஊர் என்று கேட்பதுண்டு. முன்பெல்லாம் திணறுவேன். இப்போது யோசிப்பதேயில்லை. "சுரக்குடியில எனக்கு ஒரு அத்தை இருந்தாங்க" என்கிறேன்.