பொட்டு வைத்த பவுண்

இன்று மத்தியானம் ரசத்துக்குப் புளி கரைத்தேன். நீ போனபிறகு குசினிக்குள் நான் செய்யக் கற்றுக்கொண்டது மூன்றே மூன்று: சோறு, ரசம், முட்டைப் பொரியல். கரைத்த கையைக் கழுவிவிட்டு வந்து கதிரையில் இருந்த பிறகும் விரலில் அந்த வாடை நின்றது. எத்தனையோ தரம் புளி கரைத்திருக்கிறேன், ஒன்றும் ஆனதில்லை. இன்றைக்கு மட்டும் பெருவிரலும் சுட்டுவிரலும் தாமாகவே ஒன்றோடொன்று உரசத் தொடங்கின, நடுவில் வட்டமாக எதையோ பிடித்திருப்பதுபோல. ரசம் வைக்கவில்லை. சோற்றில் தயிரை விட்டுச் சாப்பிட்டுவிட்டுப் பழைய கொப்பி ஒன்றில் இதை எழுதுகிறேன்.

எழுதி என்ன ஆகப்போகிறது? ஒன்றும் ஆகாது. மன்னிப்புக் கேட்பதென்றால் கேட்க ஓர் ஆள் வேண்டும். நீ இருந்தபோது கேட்டிருக்க வேண்டியதை நீ போய் இரண்டு மாரி கழிந்தபிறகு கேட்கிறவனைப் பார்த்து நீயே சிரித்திருப்பாய். "எல்லாத்துக்கும் ஒரு நேரம் பாத்துக்கொண்டு நில்லுங்கோ" என்று சொல்லியிருப்பாய். ஆனாலும் எழுதுகிறேன். வீட்டில் பேசுவதற்கு வேறு யாரும் இல்லை.

கலியாணத்தன்று உன் கழுத்தில் நான் கட்டிய தாலிக்கொடி மெல்லியது. நடுவில் தாலி, அவ்வளவுதான். எங்கள் பக்கத்து வழக்கப்படி தாலிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு பவுண் காசு தொங்க வேண்டும். எனக்கு அப்போது வழியில்லை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பிக் காடு வெட்டிய காணி, அதில் பாதி இன்னும் அடிக்கட்டையாக நின்ற காலம் அது. பந்தலில் என் பெரியம்மா உன் கொடியை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துவிட்டு, "வெறுங்கொடியாக் கிடக்கு. காட்டுக்குப் போற பிள்ளைக்கு இது காணுமெண்டு விட்டிட்டினமாக்கும்" என்றார். நீ கேட்டும் கேளாதவள்போல இருந்தாய். எனக்குத்தான் காது சுட்டது. கிளிநொச்சிக்கு ரயிலில் வரும்போது உன்னிடம் சொன்னேன்: "ரெண்டு பவுண் போடுவன். ஒரு கீறல் கூட இல்லாத பவுணாப் பாத்துப் போடுவன்."

நீ யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாய்: "முதல்ல மேல ஒழுகாத கூரையாப் பாத்துப் போடுங்கோ."

கூரை போட்டோம். கிணறு கட்டினோம். கூட்டுறவுச் சங்கத்து நெற்களஞ்சியத்தில் தரம் பார்க்கும் வேலையும் எனக்குக் கிடைத்தது. சாக்கைக் குத்தி ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் எடுத்து, பதராய்ப் போன சப்பி எவ்வளவு, சிவப்பரிசி எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். ஒரு மணியைப் பல்லில் கடித்தால் போதும், எத்தனை நாள் காய்ந்தது என்று சொல்லிவிடுவேன். நெல் கொண்டுவரும் கமக்காரர் எனக்குப் பயந்தார்கள். எனக்கு அது பெருமையாயிருந்தது. குறை கண்டுபிடிப்பதற்கென்றே பிறந்தவன் என்று நீ பக்கத்துக் காணி அக்காவிடம் சொல்லிச் சிரித்ததும் எனக்குத் தெரியும்.

நல்ல காலபோக விளைச்சல் ஒன்றுக்குப் பிறகு முதலாவது பவுண் வந்தது. கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் நகை செய்யும் பத்தர் யாழ்ப்பாணத்திலிருந்து எடுப்பித்துத் தந்தார். இங்கிலாந்தின் இளம் ராணியின் தலை போட்ட புதுக்காசு. ஒரு பக்கம் இலைமாலை கட்டிய அவளுடைய தலை, மறுபக்கம் குதிரைக்காரன். மணிக்கூடு திருத்துகிறவனிடம் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி வாங்கி, விளிம்பின் ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு நான் சோறு கேட்கக்கூட மறந்துபோனேன்.

அதற்குச் சோடி தேடித்தான் எல்லாம் கெட்டது. பழைய ராசாவின் காசு கிடைத்தது, அது ராணிக்குச் சோடியாகுமா? ராணிக் காசு ஒன்று கிடைத்தது, கன்னத்தில் குறுக்கே கீறல். இன்னொன்றில் விளிம்பு நெளிந்திருந்தது. மற்றொன்றை முன்பே யாரோ மாலையில் கோத்து அணிந்திருக்கிறார்கள், வளையம் ஒட்டிய தழும்பு தலைக்கு மேல் தெரிந்தது. பத்தர் என்ன செய்வார், பாவம். காசுகள் பைக்குள் ஒன்றோடொன்று மோதித்தானே வருகின்றன என்றார். எனக்கு விளங்கவில்லை. வாங்கிக்கொண்டு வருவேன், கண்ணாடி வைத்துப் பார்ப்பேன், முகம் கறுத்துப்போய் பிஸ்கற் டின்னுக்குள் போடுவேன். அடுத்த போகம் வரும், அடுத்த காசு வரும். டின்னுக்குள் ஏழு சேர்ந்துவிட்டன. உன் கழுத்து அப்படியே இருந்தது.

நீ அந்த ஏழுக்கும் பெயர் வைத்திருந்தாய். கன்னங்கீறி, பல்லுப்போனது, வளையக்காரி. ஓய்ந்த நேரத்தில் டின்னைத் திறந்து மடியில் கொட்டி வைத்துக்கொண்டு, "இவ்வளவும் நெல்லெண்டால் சங்கத்து வாசலிலயே திருப்பி அனுப்பியிருப்பியள். காசெண்டபடியால் சிறையில போட்டு வைச்சிருக்கிறியள்" என்பாய்.

ஒருநாள் கன்னங்கீறியை எடுத்துக் கழுத்தருகே பிடித்துக் காட்டினாய். "இதைப் போட்டால் என்ன? ஆரும் என்ர கழுத்தில கண்ணாடி வைச்சுப் பாக்கப் போறேல்லை."

"கொஞ்சம் பொறு" என்றேன்.

இந்த ஒரு சொல்லைத்தான் நான் உனக்கு வருடக்கணக்காகப் பரிசாகத் தந்தேன்.

பிறகு, ஒரு சித்திரை மாதம், பத்தர் ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். முதல் காசுக்கு அச்சொட்டான சோடி. அதே வருடம், அதே மினுக்கம், விளிம்பில் ஒரு வரி பிசகவில்லை. ஆனால் ராணியின் நெற்றியில், கடுகளவுக்கு, ஒரு செம்பு நிறப் புள்ளி. நான் துணியால் துடைத்தேன், போகவில்லை. பத்தர் சிரித்தார். "தம்பி, பவுணெண்டால் செம்பு கலந்துதான் அடிப்பினம். சில காசில அது ஓரிடத்தில தங்கி இப்பிடிச் சிவந்துபோகும். அது காசின்ர குணம், பழுதில்லை. சும்மா விடும்."

வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தபோது நீ கண்ணாடி இல்லாமலே அதைக் கண்டுவிட்டாய். உன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "இஞ்சருங்கோ, ராணி பொட்டு வைச்சிருக்கிறா. நடு நெத்தியில, அளவெடுத்து வைச்ச மாதிரி. இனி அவா எங்கட ஆள்தான். இதையே போடுவம். வைகாசியில வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் கட்டிக்கொண்டு போகலாம்."

நான் ஓம் என்றேன். உண்மையாகவே ஓம் என்றுதான் சொன்னேன். ஆனால் பொங்கலுக்குப் பெரியம்மா வீட்டாரும் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். அவருடைய இரண்டு விரல்களும் அந்தக் காசைத் தூக்கிப் பார்ப்பதும், "இதென்ன ஊத்தை?" என்று கேட்பதும் எனக்குக் கண்முன்னே வந்துகொண்டிருந்தன. உனக்காகத்தான் தேடுகிறேன் என்று அத்தனை வருடமும் சொன்னவன், அப்போது நினைத்தது என் மானத்தைத்தான்.

நீ பக்கத்துக் காணி அக்கா வீட்டுக்கு நெல் அவிக்கப் போயிருந்த ஒரு மத்தியானம், கிணற்றடியில் இருந்து அந்தப் புள்ளிக்குப் புளி போட்டேன். குத்துவிளக்குக்குப் போடுகிறோமே, அதே மாதிரி. போகவில்லை. புளியோடு உப்புப் போட்டேன். போகவில்லை. எனக்குக் கோபம் ஏறிவிட்டது. செங்கட்டித் துண்டொன்றை உரசித் தூளாக்கி, ஈரத்துணியில் தொட்டு, பெருவிரலை வைத்து அழுத்தி அழுத்தித் தேய்த்தேன். புள்ளி போயிற்று. கழுவிப் பார்த்தால் ராணியின் நெற்றியும் போயிருந்தது. முன்மயிர் வரிகள் மழுங்கி, இலைமாலையின் முன்பாதி கரைந்து, அந்த இடம் சூடுபட்ட தோல்போல மங்கிக் கிடந்தது. மறைப்பதற்குள் நீ படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டாய்.

புளிக் கிண்ணத்தைப் பார்த்தாய். என் கையைப் பிடித்து விரித்தாய்.

"ஏன் அழிச்சனியள்?"

"பழுதைத்தானே எடுத்தனான்."

"அது பழுதெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?"

கிண்ணத்தை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாய். சண்டை பிடிப்பாய் என்று அன்று முழுக்கக் காத்திருந்தேன். பிடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். அதற்குப் பிறகு நீ டின்னைத் திறக்கவேயில்லை, அவற்றின் பெயர்களையும் சொல்லவில்லை.

பொங்கலுக்கு வெறுங்கொடியோடுதான் வந்தாய். சனத்துக்குள் பெரியம்மா உன்னைக் கண்டுபிடித்து, நேரே கழுத்தைத்தான் பார்த்தார். "இன்னும் வெறுங்கொடிதானோ பிள்ளை?" நான் உனக்குப் பின்னால் தேங்காயும் கையுமாக நின்றேன். நீ ஒரு கணமும் தயங்கவில்லை. "இவர் எப்பவோ வாங்கித் தந்திட்டார் மாமி. வீட்டில கிடக்கு. எனக்குத்தான் கழுத்துப் பாரம் ஒத்துவராது." அதைச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மன் வாசலில் நின்று எனக்காகப் பொய் சொன்னாய்.

அடுத்த நாளே கையிலிருந்த இரண்டையும் பத்தரிடம் கொண்டுபோயிருக்க வேண்டாமா? மனிதனாயிருந்தால் போயிருப்பான். நான் போனேன்தான், இன்னொரு சோடிக் காசு எடுப்பிக்கச் சொல்ல. இரண்டு வருடம் அப்படியே போயிற்று.

அந்த ஐப்பசி மழையோடு உனக்குக் காய்ச்சல் வந்தது. கொத்தமல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்தே பத்து நாளைக் கழித்துவிட்டோம். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நெருப்புக்காய்ச்சல், பிந்தி வந்துவிட்டீர்கள் என்றார்கள். நாலாம் நாள் நீ என்னைக் கிட்ட வரச்சொல்லி, "கொடியைக் கொண்டுபோய் அந்த முதல் காசையும் அழிச்ச காசையும் போட்டுக்கொண்டு வாங்கோ" என்றாய். வீட்டுக்குப் போகும்போது கட்டிக்கொண்டு போகலாம் என்றாய். நீ அதை நம்பித்தான் சொன்னாயா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பக்கத்துக் கட்டில் அம்மா மஞ்சள் துண்டு கட்டிய கயிறு ஒன்று தந்தார். அதைக் கழுத்தில் கட்டிய பிறகுதான் கொடியைக் கழற்ற விட்டாய்.

பத்தர் வேறு வேலையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு வளையம் ஒட்டினார். "அந்தப் பொட்டுக்கு என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டார். நான் கூலியை எண்ணிக் கொடுத்தேன்.

மறுநாள் பின்னேரம் கொடியை நான்தான் உன் கழுத்தில் போட்டேன். தாலிக்கு இரண்டு பக்கமும் இரண்டு பவுண். எத்தனை வருடம் இதற்காக! பக்கத்துக் கட்டில் அம்மா, "லெச்சுமி மாதிரி இருக்கிறாய் பிள்ளை" என்றார். நான் வாங்குப் பலகையில் இருந்து பார்த்தேன். யன்னல் வெளிச்சம் நேராக அழிந்த காசின்மேல் விழுந்துகொண்டிருந்தது. நல்ல காசின் விளிம்பில் ஒட்டு சற்று வழிந்திருந்தது. மெல்லிய அரத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் சரியாகும், நாளைக்குப் பத்தரிடம் சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

நீ என்னைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாய். எவ்வளவு நேரமோ தெரியாது. கையைத் தூக்க ஏலாதவள், மெல்ல மெல்லக் கையைக் கொண்டுவந்து, ஒற்றை விரலால் அந்த அழிந்த காசைப் புரட்டிப் போட்டாய். குதிரைக்காரன் மேலே வந்தான்.

"இந்தப் பக்கம் வடிவாக் கிடக்குத்தானே?" என்றாய்.

"ஓம்."

"அப்ப இனி என்னைப் பாருங்கோ."

பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன். மறுநாள் காலையில் நான் போனபோது கட்டிலில் வேறு விரிப்பு விரித்திருந்தது.

இப்போதும் சங்கத்து வேலைக்குப் போய்வருகிறேன். சப்பி கலந்த சாக்கு வந்தாலும் சரி என்று கையெழுத்து வைத்துவிடுகிறேன். மனேச்சர் இரண்டு தரம் ஏசிவிட்டார். கொடியும் காசுகளும் அலுமாரிக்குள் கிடக்கின்றன. யாருக்குக் கொடுக்க? எங்களுக்கென்று ஒரு பிள்ளையும் இல்லை. அவற்றை நான் எடுத்துப் பார்ப்பதில்லை, பார்க்கத் தேவையுமில்லை. கன்னங்கீறியின் கீறல் காதடியில் தொடங்கி வாயோரத்தில் முடிகிறது. நெளிந்த விளிம்பு ஆண்டு எழுதிய இடத்துக்கு நேர் கீழே. வளையக்காரியின் தழும்பு சரி நடுவில் இல்லை, ஒரு நூல் இடப்பக்கம் விலகியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டே ஒவ்வொன்றையும் சொல்வேன்.

உன் முகத்தில் ஒரு கறுத்த மறு இருந்தது. நாடிக்குக் கிட்ட. கலியாணத்தில் எடுத்த ஒரே படத்தில் நீ தலையைக் குனிந்திருக்கிறாய், தெரியவில்லை. அது இடப்பக்கமா, வலப்பக்கமா என்று நானும் எத்தனையோ நாளாக யோசித்துப் பார்க்கிறேன், பிடிபடுகிறதில்லை. பக்கத்துக் காணி அக்காவைக் கேட்டால் உடனே சொல்லிவிடுவா. பன்னிரண்டு வருடம் உன்னோடு இருந்தவன், அவவிடம் போய் அதை எப்படிக் கேட்பேன்?